மெக்கானிக்கல் எடுத்தால் விமானத்தை மறந்துவிட வேண்டுமா?

பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சின்ன வயதிலிருந்தே விமானம் என்றால் உயிர். கல்லூரியில் ஏரோஸ்பேஸ் எடுக்கத்தான் ஆசை. ஆனால் வீட்டில், தெரிந்தவர்கள் எல்லாரும், 'மெக்கானிக்கல் எடு, அதுதான் பாதுகாப்பு' என்கிறார்கள். எது நல்லது?" கேள்வி 'எது நல்லது' என்று முடிந்தாலும், அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. மெக்கானிக்கல் எடுத்தால் விமானத் துறைக்குப் போகும் வழி அடைபட்டுவிடுமா? ஏரோஸ்பேஸ் எடுத்து, அந்தத் துறையில் வேலை கிடைக்காமல் போனால் வேறு யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா? இரண்டுக்குமே என் பதில் 'இல்லை'. ஆனால் முதல் 'இல்லை'யைச் சொல்கிற தெம்போடு இரண்டாவதைச் சொல்ல முடியாது. ஏன் என்று விளக்கப் பார்க்கிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது மெக்கானிக்கல். வேலை பார்த்ததோ 20 ஆண்டுகளுக்கு மேலாக விமானக் கட்டமைப்புப் பிரிவில். இறக்கையும் உடற்கூடும் எவ்வளவு சுமையில், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்று கணக்குப் போடுகிற வேலை. ஸ்ட்ரெஸ் இன்ஜினியர் என்பார்கள். அந்த ஸ்ட்ரெஸ் உலோகத்துக்கு மட்டும்தான் என்று சேர்ந்த புதிதில் நினைத்திருந்தேன். ஆகவே கட்டமைப்பு, உற்பத்தி பற்றி நான் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். செயற்கைக்கோள், பறப்புக் கட்டுப்பாடு பற்றிச் சொல்வதெல்லாம் பக்கத்து மேசைக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டத்திலிருந்து தொடங்கலாம். முதல் இரண்டு ஆண்டுகளில் இரண்டு துறைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கணிதம், இயற்பியல், விசைகளின் சமநிலை, இயக்கவியல், பொருள்களின் வலிமை, தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், கொஞ்சம் நிரல் எழுதுதல். ஒரே வகுப்பில் இரண்டு துறை மாணவர்களையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தும் கல்லூரிகளும் உண்டு. மூன்றாம் ஆண்டில்தான் பாதை பிரியும். ஏரோஸ்பேஸ்காரர் ஏரோடைனமிக்ஸ், ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்று எப்படி நடந்துகொள்ளும் என்கிற பாடம், விமானத்தின் நிலைப்புத்தன்மையும் கட்டுப்பாடும், ஜெட் மற்றும் ராக்கெட் உந்துவிசை, மெல்லிய தகட்டுக் கட்டமைப்புகள், சுற்றுப்பாதை இயக்கவியல் என்று போவார். மெக்கானிக்கல்காரருக்கு மெஷின் டிசைன், வெப்பப் பரிமாற்றம், உற்பத்தி முறைகள், எந்திரங்களின் இயக்கம், அதிர்வுகள், அளவியல், குளிரூட்டல். பட்டியலாகப் பார்த்தால் எட்டுப் பத்துப் பாடங்கள்தான் வேறுபடும். 'அவ்வளவுதானா' என்று தோன்றும். அவ்வளவுதான். ஆனால் அந்த எட்டுப் பத்துப் பாடங்கள் ஒருவருக்குக் கொடுக்கிற கண் வேறு.

அது என்ன கண்? ஒரு காலிக் குளிர்பான டின்னை எடுத்து நிமிர்த்தி வையுங்கள். நசுங்காத டின்னாக இருந்தால், கவனமாக அதன் மேல் ஒரு காலால் ஏறி நிற்கலாம், தாங்கும். அப்படி நிற்கும்போதே இன்னொருவர் டின்னின் பக்கவாட்டில் விரலால் லேசாக ஒரு தட்டு தட்டினால் அடுத்த நொடி அது தரையோடு தரை. உலோகத்தின் வலிமை குறைந்துவிடவில்லை. வடிவம் ஓர் இம்மி கலைந்தது, உடனே மடங்கிவிட்டது. விமானத்தின் உடற்கூடும் ராக்கெட்டின் எரிபொருள் தொட்டியும் ஏறக்குறைய இந்த டின்தான். விண்வெளிக்குப் போகும் ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பும்போது அதன் எடையில் 85 முதல் 90 சதவீதம் வரை எரிபொருளும் அதை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றியுமே. மிச்சமிருப்பதில்தான் தொட்டி, எஞ்சின், மின்னணுக் கருவிகள், தூக்கிச் செல்லும் சரக்கு எல்லாம். அங்கே ஒரு மில்லிமீட்டர் கூடுதல் தடிமன்கூட யாரோ ஒருவருடைய சரக்கைக் கீழே இறக்கிவைத்துவிடும்.

தரையில் நிற்கிற எந்திரத்தைச் செய்பவருக்கு இந்த நெருக்கடி இல்லை. பாரந்தூக்கியின் கம்பிவடத்தை அது தூக்கும் எடையைப்போல ஐந்து மடங்கு தாங்குவதாக எடுப்பது சாதாரணம். பயணிகள் விமானத்தின் கட்டமைப்புக்கு விதி கேட்பது 1.5 மடங்குதான்: பறக்கும்போது சந்திக்கக்கூடும் என்று எதிர்பார்க்கிற உச்சச் சுமையைப்போல ஒன்றரை மடங்கை 3 விநாடி முறியாமல் தாங்க வேண்டும். 1995-ல் போயிங் 777-ன் இறக்கையைச் சோதனைக்கூடத்தில் வளைத்து வளைத்து முறித்தார்கள், 1.54 மடங்கில் முறிந்தது. 2006-ல் ஏர்பஸ் ஏ380-ன் இறக்கை 1.5-ஐத் தொடுவதற்குச் சற்று முன்பே விட்டுவிட்டது; அந்த இடத்தை வலுப்படுத்திய பிறகே அனுமதி வாங்கினார்கள். 777-ன் இறக்கை 2.5 மடங்கில் முறிந்திருந்தால் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். தேவையில்லாத எடையை 20, 30 ஆண்டு ஆகாயத்தில் சுமக்கப்போகிறோம் என்று தலையில் கைவைத்திருப்பார்கள். கடைசிக் கிராம்வரை பேரம் பேசுகிற இந்தப் புத்தி உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பது நல்ல கேள்வி. விமானம் பிடிக்கும் என்பதும் இந்தப் பேரம் பிடிக்கும் என்பதும் ஒன்றல்ல.

இரண்டு துறையும் தனித்தனித் தீவுகள் என்று நினைத்துவிடவும் வேண்டாம். 1952-ல் பயணிகள் சேவைக்கு வந்த காமெட் ஜெட் விமானத்தில் இரண்டு, 1954-ல் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடுவானில் சிதறின. காரணம் தேட, இன்னொரு காமெட்டின் உடற்கூட்டைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு பறப்பிலும் உள்ளே அழுத்தம் ஏறி இறங்குவதைப்போலத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். நிஜமாகப் பறந்ததையும் சேர்த்து 3,057-வது சுற்றில் அது கிழிந்தது. அழுத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, திறப்புகளின் மூலையில், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் துளை ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத விரிசல் வளர்ந்திருந்தது. உலோகச் சோர்வு. விமானத்துக்கு இது புதுப் பாடமாக இருக்கலாம். மெக்கானிக்கலுக்குப் புதிதே அல்ல. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ரயில் அச்சுகள் இப்படித்தான் முறிந்தன. ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்கிற ரயில்வே பொறியாளர் அச்சுகளை லட்சக்கணக்கான முறை சுழற்றிச் சோதித்து இந்த நோயின் குணத்தைக் கண்டுபிடித்திருந்தார். இன்றைக்கும் நான் ஓர் இறக்கைக்கு ஆயுள் கணக்குப் போடும்போது வரைகிற கோடு அவர் பெயரில்தான் இருக்கிறது. ரயில்காரரின் கோடு.

எதிர்த்திசையிலும் இப்படித்தான். விமான ஜெட் எஞ்சினில் டர்பைன் இலைகளைச் சுற்றி ஓடும் வாயுவின் வெப்பம், அந்த இலை செய்யப்பட்ட உலோகத்தின் உருகுநிலையைவிட அதிகம். இலைக்குள் குடைந்த நுண்ணிய வழிகளில் குளிர்ந்த காற்றை ஓடவிட்டுக் காப்பாற்றுகிறார்கள். அதே நுட்பம்தான் மின் நிலையத்தின் கேஸ் டர்பைனிலும். பெரிய பயணிகள் விமானங்களில் ஓடிய சிஎஃப்6 எஞ்சினிலிருந்து வந்ததுதான் எல்எம்2500 என்கிற கேஸ் டர்பைன். அது இன்றைக்குப் போர்க்கப்பல்களை ஓட்டுகிறது. காற்றாலையின் இலை ஓர் இறக்கை. ஃபார்முலா 1 காரின் முன்னும் பின்னும் இருப்பது தலைகீழாகத் திருப்பிவைத்த இறக்கை. ஏரோஸ்பேஸ் படித்தவருக்கு இங்கெல்லாம் வேலை உண்டு. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை, அவ்வளவுதான்.

சரி, முதல் கேள்வி. மெக்கானிக்கல் படித்தவர் விமானம், ராக்கெட் பக்கம் போக முடியுமா? தாராளமாக. ஸ்பேஸ்எக்ஸின் மெர்லின் ராக்கெட் எஞ்சின் உருவாவதற்குத் தலைமை தாங்கிய டாம் முல்லர் மெக்கானிக்கல் பட்டதாரி. அந்த நிறுவனத்தின் தலைவர் குவின் ஷாட்வெல்லின் இளநிலைப் பட்டமும் மெக்கானிக்கல்தான். 2012-ல் கியூரியாசிட்டி ஊர்தியைக் கயிற்றில் தொங்கவிட்டுச் செவ்வாயில் இறக்கிய குழுவின் தலைவர் ஆடம் ஸ்டெல்ட்ஸ்னர்கூட முதலில் படித்தது மெக்கானிக்கல். பெரிய பெயர்களை விடுங்கள். என் பிரிவில் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஏரோ படித்தவர்களைவிட மெக்கானிக்கல் படித்தவர்களே அதிகம். ஒரு விமான நிறுவனத்துக்கு இறக்கையின் வெளிவடிவத்தை முடிவு செய்யக் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் ஆள் தேவை. அந்த இறக்கைக்குள் தொட்டி, குழாய், கம்பி, கீல், பூட்டு எல்லாவற்றையும் பொருத்தி, உற்பத்தி செய்து, சோதித்து, பராமரிக்க நூற்றுக்கணக்கில் தேவை. அந்த நூற்றுக்கணக்கில் பாதிக்குமேல் யாரும் 'ஏரோ'காரராக இருந்தே ஆகவேண்டும் என்று இல்லை. மின்னணு, மென்பொருள் படித்தவர்கள் இன்னொரு பட்டாளம்.

ஒரு சம்பவம். எங்கள் பிரிவில் ஒரே வாரத்தில் இரண்டு புதியவர்கள் சேர்ந்தார்கள். ஒருவர் ஏரோஸ்பேஸ், இன்னொருவர் மெக்கானிக்கல். ஹைட்ராலிக் குழாயைப் பிடித்து நிறுத்துகிற சின்ன பிராக்கெட் ஒன்றை இருவரையும் தனித்தனியாக வரைந்துவரச் சொன்னேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஏரோ பையனின் பிராக்கெட் மெல்லிய தகட்டில், கணினியில் வண்ணவண்ணமாக விசை வரைபடத்தோடு, பார்க்க அழகாக இருந்தது. மெக்கானிக்கல் பெண்ணுடையது கட்டியிலிருந்து குடைந்தெடுத்தது. மாடு முட்டினாலும் அசையாது, எடை மற்றதைப்போல மூன்று மடங்கு. இரண்டையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். மேற்பார்வையாளர் முதல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மடிப்பு இவ்வளவு கூராக இருந்தால் தகடு மடிக்கும்போதே விரிசல் விட்டுவிடும் தம்பி. அப்புறம், இந்த மூலையில் இருக்கிற ரிவெட்டை யார் அடிப்பது? கையை உள்ளே விட்டுக் காட்டு பார்ப்போம்" என்றார். இரண்டாவதைக் கையில் எடைபோடுவதுபோல் பாவனை செய்து, "இது கிரேனுக்கா?" என்று மட்டும் கேட்டார். இருவர் முகமும் ஒரே மாதிரிதான் போனது. ஆறு மாதம் கழித்து இருவருடைய படங்களையும் கலந்துவைத்தால் எது யாருடையது என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. பட்டத்தின் வித்தியாசம் வேலையில் கரைவதற்கு ஆகும் காலம் ஏறக்குறைய அவ்வளவுதான், இந்த மாதிரி வேலைகளில்.

'இந்த மாதிரி வேலைகளில்' என்று சொன்னதைக் கவனியுங்கள். எல்லா வேலையிலும் அப்படி இல்லை. காற்றியக்கக் கணக்கு, விமானத்தின் நிலைப்புத்தன்மை, தானியங்கிக் கட்டுப்பாடு, செயற்கைக்கோளின் பாதை வகுப்பது போன்றவற்றில் ஏரோஸ்பேஸ் படித்தவருக்குத் தெளிவான முந்துகை உண்டு. ஆறு மாதத்தில் மேசையில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிற விஷயங்கள் அல்ல அவை. என் உடன் வேலை பார்த்த மெக்கானிக்கல்காரர்கள் சிலர் அங்கே மாறிப்போனார்கள். ஆனால் ஏரோவில் முதுநிலை படித்த பிறகு. அது நல்ல வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இளநிலையில் மெக்கானிக்கல், முதுநிலையில் ஏரோஸ்பேஸ் என்பது உலகம் முழுக்கப் பழகிப்போன பாதை. அப்துல் கலாம்கூட இயற்பியலில் பட்டம் வாங்கிய பிறகே ஏரோநாட்டிக்கல் பக்கம் வந்தவர்.

இரண்டாவது கேள்வியில்தான் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. ஏரோஸ்பேஸ் பட்டதாரி கார் தொழிற்சாலையிலோ பம்பு செய்கிற இடத்திலோ வேலை பார்க்கத் திறமை உள்ளவரா? உள்ளவர். பொருள்களின் வலிமையும் வெப்பவியலும் அவரும்தான் படித்திருக்கிறார். ஆனால் வேலை விளம்பரத்தில் 'மெக்கானிக்கல் பட்டம்' என்று எழுதியிருக்கும். விண்ணப்பங்களை முதலில் பிரிப்பவர் பொறியாளராக இருக்க மாட்டார். அவர் கண்ணுக்கு அந்தச் சொல் தட்டுப்படவில்லை என்றால் ஒதுக்கிவைத்துவிடுவார். நேர்காணல்வரை போய்விட்டால் சமாளிக்கலாம். அங்கே போய்ச் சேர்வதுதான் பாடு. மெக்கானிக்கல் பட்டதாரிக்கு இந்த விளக்கம் சொல்கிற சிரமம் குறைவு. 'பாதுகாப்பு' என்று வீட்டில் சொல்வதில் உண்மை இருக்கிறது என்றால் அது இவ்வளவுதான் என்பேன்.

விமானத் துறை ஏற்ற இறக்கம் மிகுந்தது என்பதும் உறுதியான விஷயம். 1967-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பகுதியில் மட்டும் போயிங்கில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். 1971 ஏப்ரலில் அங்கே 40,000 பேர்கூட இல்லை. நிலவுத் திட்டத்துக்குக் கொட்டிய பணம் வற்றியது, விமான ஆர்டர்கள் நின்றன, ஒலியை மிஞ்சும் பயணிகள் விமானத் திட்டம் கைவிடப்பட்டது. 'சியாட்டிலை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும்' என்கிற பொருளில் யாரோ சாலையோரம் பெரிய பலகையே வைத்தார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது விமானங்கள் தரையில் வரிசையாக நின்றதை நாமே பார்த்தோம். இரண்டு தடவையும் துறை மீண்டு வந்தது. ஆனால் சரிவு நடக்கும் ஆண்டில் பட்டம் வாங்கி வெளியே வருகிறவருக்கு அந்த ஆறுதல் போதாது. நீங்கள் வெளியே வரும் ஆண்டு ஏற்றமா இறக்கமா? அதைச் சொல்கிறேன் என்று யார் வந்தாலும் நம்பாதீர்கள், நான் உட்பட.

இன்னொன்று, வெளிநாட்டுக் கனவு இருப்பவர்களுக்கு. ராக்கெட்டும் போர் விமானமும் ஏவுகணையும் ஒரே குடும்பம் என்பதால், எல்லா நாடும் இதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஐடார் என்கிற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதி காரணமாக, ராக்கெட், பாதுகாப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் குடிமக்களையும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்களையும்தான் எடுக்கின்றன. அங்கே போய் ஏரோவில் முதுநிலை படித்துவிட்டு, இது தெரியாமல் கடைசி ஆண்டில் விழிப்பவர்கள் இருக்கிறார்கள். கார், ஆற்றல், மருத்துவக் கருவி போன்ற துறைகளில் இந்தக் கட்டுப்பாடு இவ்வளவு இல்லை.

ஒரு சின்னச் சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். 'விமானம் என்றால் உயிர்' என்று எழுதியிருக்கிறீர்கள். விமானத்தை ஓட்டுவதா, பழுது பார்ப்பதா, வடிவமைப்பதா? மூன்றும் மூன்று வேறு வாழ்க்கை. விமானி ஆக பொறியியல் பட்டம் கட்டாயம் இல்லை; பறக்கும் பயிற்சியும் உரிமமும் வேண்டும். விமானத்தின் கீழே நின்று எஞ்சினைத் திறந்து பார்த்து, 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடுகிறவர் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர். அதற்கும் தனித் தேர்வுகள் உண்டு. ஏரோஸ்பேஸ் பட்டம் வாங்கியவர் பெரும்பாலான நாள்களில் விமானத்தைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார். திரையில் அதன் ஒரு துண்டைப் பார்ப்பார். விமானியாக ஆசைப்பட்டு 8 இடங்களுக்கு நடந்த தேர்வில் 9-வதாக வந்து திரும்பியவர்தான் கலாம். ஒன்று நழுவி மற்றொன்று அமைந்தது அவருக்கு. உங்களுக்கு எது வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்வது செலவில்லாத காரியம்.

முடிவெடுக்க நான் சொல்கிற வழி கொஞ்சம் சலிப்பூட்டக்கூடியது. சேர நினைக்கும் கல்லூரியின் இரண்டு துறைப் பாடத்திட்டங்களையும் இறக்கி, மூன்றாம், நான்காம் ஆண்டுப் பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வேறுபடுகிற பாடங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். அவற்றில் ஏரோவில் ஒன்று, மெக்கானிக்கலில் ஒன்று எடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல்கலைக்கழக வகுப்புகளில் இரண்டிரண்டைப் பாருங்கள். புரியாது, புரியவும் வேண்டாம். எதைப் பாதியில் மூடத் தோன்றியது, எதில் 'இது ஏன் இப்படி' என்று கேள்வி வந்தது என்று மட்டும் கவனியுங்கள். அடுத்தது, துறையைப் பாருங்கள். மாதிரியின் மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கிற காற்றுச் சுரங்கம் இருக்கிறதா, அது ஓடுகிறதா அல்லது பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்காகத் துடைத்துவைத்திருக்கிறார்களா? ஏரோ பாடங்களை நடத்துகிறவர்கள் அந்தத் துறையில் ஆராய்ச்சியோ வேலையோ செய்தவர்களா? தள்ளாடுகிற ஏரோ துறையைவிட நல்ல மெக்கானிக்கல் துறை பல மடங்கு மேல். இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

எந்தத் துறையானாலும், மாணவர் அணியில் சேருங்கள். எஸ்ஏஇ ஏரோ டிசைன், டிசைன் பில்ட் ஃப்ளை போன்ற போட்டிகளில் சிறிய விமானத்தை மாணவர்களே வரைந்து, செய்து, பறக்கவிட வேண்டும். அதில் மெக்கானிக்கல் மாணவரும் சேரலாம். நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் நான் மதிப்பெண்ணைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவேன். 'உங்கள் விமானம் ஏன் விழுந்தது?' என்று கேட்டு அரை மணி நேரம் பேசுவேன். விழாத விமானம் செய்த அணி எதையும் இதுவரை நான் பார்த்ததில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் 'நீங்களே சொல்லுங்கள்' என்றால்: பாடத்திட்டத்தைப் பார்த்த பிறகும் ஏரோவில் மனம் நிற்கிறது, கிடைத்திருக்கும் துறையும் உருப்படியானது என்றால் ஏரோஸ்பேஸே எடுங்கள். அந்த ஒரு விளக்கம் சொல்கிற சிரமத்துக்காக நான்கு வருட ஆர்வத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். விருப்பப் பாடங்களில் மெஷின் டிசைன், உற்பத்தி முறைகள் இரண்டையும் சேர்த்துக்கொண்டால் அந்தச் சிரமமும் பாதியாகும். மனம் ஊசலாடுகிறது, அல்லது துறை சுமார்தான் என்றால் மெக்கானிக்கல் எடுத்து, ஏரோடைனமிக்ஸை விருப்பப் பாடமாக வைத்து, முதுநிலை நேரத்தில் மறுபடி யோசியுங்கள். நான் வந்தது இரண்டாவது வழியில். விமான நிலையத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து இறக்கையைப் பார்க்கும்போது, அந்த வளைவு எப்படி வந்தது என்பது எனக்கு இன்னமும் அரைகுறையாகத்தான் புரியும். உள்ளே எந்த ரிவெட் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியும்.